தூணில் சாய்ந்து நிற்பவள்

பிப்ரவரி 11, செவ்வாய்

அறுபத்து மூன்றாவது நாணயம் இன்று மேசைக்கு வந்தது. ஒரு கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த பானைக்குள் மொத்தம் நூற்று நாற்பது. எல்லாம் ரோமானிய வெண்கலம், ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் வருஷம் மண்ணுக்குள் கிடந்தவை. இது பெரிய ரகம், ஆண்கள் கட்டும் கைக்கடிகாரத்தின் முகம் அளவு இருக்கும். அதன்மேல் மண்ணும் பச்சைக் களிம்பும் சேர்ந்து பிஸ்கட் கனத்துக்கு ஒரு பொருக்கு.

அருங்காட்சியகத்தில் என் அறைக்கு ஆஸ்பத்திரி என்று பெயர். ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரு சிகிச்சை அட்டை உண்டு. எதைத் தொட்டோம், எதைச் சுரண்டினோம், எது உடைந்தது, எல்லாம் அதில் எழுதியாக வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு நாணயப் பிரிவுத் தலைவர் எட்டிப் பார்த்தார். கழுத்தில் எந்நேரமும் லென்ஸ் தொங்குவதால் எங்களுக்குள் அவர் பூதக்கண்ணாடி.

"என்னம்மா, பிரசவம் ஆச்சா?"

"இன்னும் வலியே எடுக்கல சார்."

ஜூன் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் இந்தப் பானையிலிருந்து ஏதாவது ஓர் அதிசயம் வந்துவிடாதா என்று தினம் வந்து நிற்கிறார், பாவம்.

டீயை அரைக் கப் ஊற்றிக்கொண்டேன். முழுக் கப் வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். ஏன் என்று எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 12, புதன்

தலைப் பக்கத்தில் கிரீடம் வைத்த ஒரு ராஜா. சார் கணக்குப்படி ஒரு வருஷம்கூட முழுசாக ஆளவில்லை. பின்பக்கத்தில் ஒருத்தி வெளியே வந்தாள். குட்டையான தூணில் சாய்ந்து, காலுக்குமேல் கால் போட்டு, ஒரு கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு, வெயிலில் ஓய்வெடுப்பவள் போல நிற்கிறாள். இன்னொரு கை சும்மா தொங்குகிறது.

விளிம்பு எழுத்துகளைச் சார் கூட்டிப் படித்தார். செகூரிட்டாஸ். கவலையற்றவள், பயமின்மைக்கு அவர்கள் வைத்த தேவி. "நம்ம வாசல்ல நிக்கிற செக்யூரிட்டிக்கெல்லாம் இவதாம்மா மூத்தவ."

பிறகு அவருக்குப் பிடித்த பாடம். "ரோம்காரன் எதுக்குப் பயந்தானோ அதுக்கு மாத்தா அச்சடிப்பான். படை முறைச்சுக்கிட்டு நின்னா, ரெண்டு கை குலுக்கற மாதிரி போட்டு விசுவாசம்னு எழுதுவான். பஞ்சம் வந்தா, தானியம் வழியற கொம்போட ஒருத்தி வருவா. பயமே இல்லைன்னு அடிச்சிருக்கான்னா, அந்த ராஜா சோறு தண்ணி இல்லாம இருந்திருப்பான்."

சிரித்தேன். சிரித்துவிட்டுக் கையைப் பார்த்தேன்.

மாலையில் படக்காரி வந்து வழக்கம்போலப் படம் எடுத்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம் எடுப்பது எங்கள் வழக்கம்.

பிப்ரவரி 13, வியாழன்

கை நழுவிவிட்டது.

மதியம் மூன்றேகால். தொங்கும் கைக்குக் கீழே கடுகளவு களிம்பு மிச்சம் இருந்தது. கண் நுண்ணோக்கியில், கத்தி விரலில். இந்தக் கட்டைவிரல் சும்மா இருக்கும்போதுதான் ஆடும், வேலை செய்யும்போது ஆடாது — அந்தத் தைரியத்தில்தான் அக்டோபரிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தேன். இன்று வேலைக்கு நடுவே ஒரு துடி துடித்தது. கத்தி அவள் உள்ளங்கையில் தொடங்கி அவள் பாதம் வரைக்கும் ஒரு கோடு கிழித்துவிட்டு, நுனியில் ஒரு குழியும் போட்டு நின்றது. உண்மையில் நாலு மில்லிமீட்டர் இருக்கும். நுண்ணோக்கிக்குள் வாய்க்கால் போலத் தெரிந்தது. உள்ளே புது உலோகம் பொன்னாக மின்னியது.

இதற்கு விதி இருக்கிறது. கத்தியைக் கீழே வை, படம் எடு, அட்டையில் எழுது, தலைவரைக் கூப்பிடு. மற்றவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்த விதி.

நான் என்ன செய்தேன்? எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். மெல்லிய தூரிகையால் கந்தகக் கரைசலைத் தொட்டுக் கோட்டுக்குள் விட்டேன். ஐந்து நிமிஷத்தில் கறுத்துப் பழசாகிவிட்டது. மேலே ஒரு பூச்சு மெழுகு. அட்டையில் எழுதினேன்: 'களிம்பு நீக்கப்பட்டது. மேற்பரப்பில் சேதம் இல்லை.'

ஏன்டி இப்படிப் பண்ணின? யாராவது அடிக்க வந்தாங்களா?

பிப்ரவரி 14, வெள்ளி

சார் நாணயத்தை ஜன்னலுக்கு எடுத்துப்போய் லென்ஸை வைத்தார். 

"ஏம்மா, இவ கையில என்னமோ வெச்சிருக்காளே."

லென்ஸை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"கீழ பாத்துப் பிடிச்சிருக்கா. நுனி பருத்திருக்கு. தீப்பந்தம்மா இது. தலைகீழாப் பிடிச்ச பந்தம்."

ரோமானியக் கல்லறைகளில் அப்படி ஒன்று உண்டு. பந்தத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி நிற்கும் உருவம், சாவுக்கு அடையாளம். ஆனால் எந்தப் பட்டியலிலும் செகூரிட்டாஸ் கையில் அது கிடையாதாம். சார் என் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"சார், அது வந்து..."

"வேற யார் கையா இருந்தாலும் இதச் சுரண்டிப் போட்டிருப்பாங்க. உங்க கையாப் போய்த்தான் இது பொழச்சுது."

அதற்கப்புறம் எந்த வாய் திறக்கும்?

பிப்ரவரி 17, திங்கள்

எழுதப் போவதில்லை என்றதை எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்ல.

அப்பா வங்கியில் கையெழுத்துச் சரிபார்க்கும் வேலையில் இருந்தார். கள்ளக் கையெழுத்தைத் தலைகீழாகப் பிடித்தே கண்டுபிடிப்பார் என்று பெயர். ஐம்பத்து நாலாவது வயதில் விரல் ஆட ஆரம்பித்தது. எழுத்து சிறுத்தது, கொசு கொசுவாக. ஒரு நாள் அவருடைய காசோலையே, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று, அவர் வேலை பார்த்த கிளையிலிருந்தே திரும்பி வந்தது. திருப்பி அனுப்பியவர் பக்கத்து நாற்காலிக்காரர். அப்பா அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, "சரியாத்தான் பாத்திருக்கான்" என்றார். அன்றிலிருந்து வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார். பிறகு நடை போயிற்று. பிறகு முழுங்குவது.

எனக்கு நாற்பத்தெட்டு. இன்று கூட்டத்தில் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை.

கோட்டைச் சொன்னால் கையைச் சொல்லவேண்டும். கையைச் சொன்னால் கத்தியை வாங்கிக்கொள்வார்கள். கத்தியை வாங்கிக்கொண்டால் நான் யார்?

பிப்ரவரி 25, செவ்வாய்

வீட்டுக்காரர் இன்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை என்பதால், வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட வலது காலால் இல்லாத பிரேக்கை அழுத்துவார். நான் குழம்புக் கிண்ணத்தை எடுத்து வரும்போது அந்தக் கால் அழுத்தியது.

ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

சார் கட்டுரையை எழுதி முடித்துவிட்டார். பதினாறு பக்கம். கதவைச் சாத்திவிட்டு எனக்கு வாசித்துக் காட்டினார். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார், அதுதான் கொடுமை. ராஜாவைச் சுற்றிலும் துரோகம், தலைக்குமேல் கத்தி, எந்த நாளும் கடைசி நாள். அப்போது அவன் அச்சுக்கூடத்துக்கு ஆணை கொடுக்கிறான்: பயமின்மையின் கையில் அணையும் பந்தத்தைக் கொடு. 'செத்த பிறகுதான் மனிதனுக்குப் பயம் தீரும் என்று இந்த வெண்கலம் சொல்கிறது.' அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார்.

அது வெண்கலம் சொன்னது இல்லை சார். என் கட்டைவிரல் சொன்னது.

என் பெயரையும் ஆசிரியர் இடத்தில் போடுகிறாராம், அவர் பெயருக்குப் பக்கத்தில். வேண்டாம் என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

மார்ச் 6, வியாழன்

சாப்பாடு இறங்கவில்லை. ஐயோ, முழுங்குவதிலும் ஆரம்பித்துவிட்டதா? இல்லை. பயம்தான். பயமாகத்தான் இருக்கவேண்டும்.

மார்ச் 13, வியாழன்

படக்காரி வந்தாள். கட்டுரைக்குப் படங்கள் தொகுத்துக்கொண்டிருக்கிறாள்.

"அக்கா, பன்னண்டாம் தேதிப் படத்துல அந்தப் பந்தத்தக் காணோமே."

"வெளிச்சம் எப்பிடி விழுந்துதோ."

"அதான் நானும் நெனச்சேன். கொஞ்சம் மங்கல்தான். விட்டுடட்டுமாக்கா?"

"விட்டுடு."

ஒரு சொல்தான். என்மேல் உள்ள நம்பிக்கையில் போய்விட்டாள். இதுவரை நான் மட்டும்தான் பொய் சொன்னேன். இப்போது ஒன்றுமறியாத பெண்ணையும் அதற்குள் இழுத்துவிட்டாச்சு. அவளுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. மாட்டினால் முதலில் அவளைத்தான் கேட்பார்கள்: அந்தப் படம் எங்கே?

மார்ச் 19, புதன்

கடிதம் வந்திருக்கிறது. ரோமானிய வெண்கலத்திலேயே இருபது வருஷம் ஊறிய அறிஞர் ஒருவர், பெண், கட்டுரையைப் படித்துவிட்டு நாணயத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வருகிறார். ஏப்ரல் இரண்டு. சார் ஒவ்வோர் அறையாகப் போய்ச் சொன்னார். காவலரிடம்கூடச் சொன்னார்.

இன்னும் பதினாலு நாள்.

மார்ச் 20, வியாழன்

கோட்டை இன்னும் பழசாக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. கொஞ்சம் செயற்கைக் களிம்பு ஏற்றினால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியும். கள்ள நாணயக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள், அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

குப்பியைத் திறந்தேன். கை ஆடி மேசையெல்லாம் சிந்தியது. கை காப்பாற்றியது என்று சொல்லவேண்டுமா இதை?

மார்ச் 26, புதன்

இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். கோடு போடாத நோட்டு. ஜனவரி முதல் வாரத்துப் பக்கத்தில் பத்தொன்பது வரி இருக்கிறது. போன வாரத்துப் பக்கத்தில் முப்பத்தொன்று. நோட்டு அதேதான், பேனா அதேதான். வரி போகப்போகச் சின்னதாகி, பக்க ஓரத்துக்குப் போகும்போது எறும்பு.

கொசு கொசுவாக. அப்பா.

இதற்கு மருத்துவர் வேண்டுமா? எனக்கே படிக்கத் தெரிகிறதே.

மார்ச் 30, ஞாயிறு

காலையில் இவர் என்னைப் பயிற்சி மைதானத்துக்குக் கூட்டிப்போனார். ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, வண்டியைக் கிளப்பாமல், "இப்ப சொல்லு" என்றார்.

சொன்னேன். கோடு, கந்தகம், அட்டை, பந்தம், படம், வரப்போகும் அறிஞர், எழுத்து, எல்லாம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே சொன்னேன். அதைப் பிடித்திருந்தால் கை ஆடுவது தெரியாது.

"கை விஷயம் நல்லாத் தெரியும் எனக்கு. நவம்பர்லேர்ந்து."

"ஏன் கேக்கல?"

"எனக்கும் பயம்தான். கடைசி ஒரு வருஷம் உங்க அப்பாவத் தூக்கி உக்கார வெச்சது நான்தானே. கேட்டா அது உண்மையாயிடும்னு கேக்கல."

இருபது வருஷமாகப் பயந்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சம்பாதிக்கிற மனிதர். இவருக்குப் பயம் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு பேரும் அழுதோம். கண்ணாடி எல்லாம் ஆவி படிந்துவிட்டது.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இடிக்கறது யாருக்கும் நடக்கும். நிறுத்தாமப் போனாத்தான் கேஸு."

ஏப்ரல் 1, செவ்வாய்

படக்காரியிடம் பன்னிரண்டாம் தேதிப் படத்தை அச்சுப் போட்டு வாங்கிக்கொண்டேன். "இதை விட்டுடச் சொன்னது நான். உன் தப்பு எதுவுமில்ல. எழுதியும் தரேன்" என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

சார் அறைக்குள் போனேன். படத்தை மேசையில் வைத்தேன்.

"சார், அது பந்தம் இல்ல. என் கத்தி நழுவின கோடு. பதிமூணாம் தேதி. மேல கந்தகம் போட்டு நான்தான் கறுப்பாக்கினேன். அட்டையில பொய் எழுதினேன்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார். "இன்னிக்குத் தேதி தெரிஞ்சுதான் பேசுறீங்களா?"

"தெரியும் சார். நாளைக்கு அவங்க வராங்க. அதான்."

படத்தையும் நாணயத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கழுத்திலிருந்து லென்ஸைக் கழற்றி மேசையில் வைத்தார். அது இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை, கழுத்தில் கயிறு பட்ட தடம் வெள்ளையாக இருந்தது.

"முப்பத்தஞ்சு வருஷம். ஒரு நாணயம் எங்கிட்ட வாயத் தெறந்து பேசுச்சுன்னு நெனச்சேன். பேசினது நீங்க."

சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார்.

எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். பின்னாலிருந்து கேட்டார்: "ஏன் நழுவிச்சு?"

வலது கையை அவர் முன்னால் நீட்டினேன். வெறுமனே நீட்டினேன். அதுவே சொல்லிவிட்டது.

ஏப்ரல் 2, புதன்

அறிஞர் வந்தார். வயதானவர், சின்ன உருவம், காலணி நிறைய மண். சார் அவரை வாசலிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் தானே சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை, 'எங்க ஆஸ்பத்திரியில நடந்த ஒரு விபத்து' என்றார். கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். அவர் காது மடல் சிவந்திருந்தது. எனக்குத் தலை நிமிரவில்லை.

அந்த அம்மாள் எப்படியும் பார்க்கிறேன் என்று நுண்ணோக்கியில் குனிந்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. களிம்பு தானாக விளைந்தால் உப்புப் போலப் பொடிப்பொடியாகத் தெரியும், இந்தக் கோட்டுக்குள் ஒன்றுகூட இல்லை என்றார். வந்த உடனே கண்டுபிடித்திருப்பேன் என்றும் சொன்னார். சும்மா சொன்னார், பெருமையாகக்கூட இல்லை.

நான் சாரைப் பார்த்தேன். சார் என்னைப் பார்த்தார். நேற்று நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்தப் பேச்சு அவர் முகத்துக்கு நேரே, அத்தனை பேருக்கு முன்னால். அவருடைய முப்பத்தைந்து வருஷமும் அதோடு.



ஏப்ரல் 3, வியாழன்

மெமோ. எழுத்து மூலமாக விளக்கம் கேட்டிருக்கிறார்கள். கத்திகளை எண்ணி ஒப்படைத்தேன். ஒன்பது.

ஏப்ரல் 8, செவ்வாய்

நரம்பு மருத்துவர் நடக்கச் சொன்னார், விரலால் மேசையைத் தட்டச் சொன்னார், நத்தை ஓடு மாதிரி ஒரு சுழி வரையச் சொன்னார். ஏதாவது ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்றார். என்ன எழுதுவது என்று தெரியாமல், 'களிம்பு நீக்கப்பட்டது, மேற்பரப்பில் சேதம் இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். பழக்கம்.

அவர் அதைப் படிக்கவில்லை. அளவுகோலை வைத்து முதல் சொல்லின் உயரத்தையும் கடைசிச் சொல்லின் உயரத்தையும் அளந்தார்.

பிறகு பெயரைச் சொன்னார். நடுக்குவாதம். அப்பாவுடையதேதான். ஆனால் நான் சொன்னதை வைத்து, அப்பாவுக்கு மருந்து ஆரம்பித்தது ஆறு வருஷம் தாமதமாக என்றார், காட்டாமலே மறைத்து வைத்திருந்ததால். நான் ஆறு மாதத்தில் வந்திருக்கிறேனாம்.

பக்கத்து நாற்காலியில் இவர் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

ஜூலை 2, புதன்

புது நோட்டு. இரட்டைக் கோடு போட்டது.

எழுத்து மேல்கோட்டைத் தொடவேண்டும். மருத்துவர் உத்தரவு.

ஒரு பக்கத்துக்கு ஏழு வரிதான் வருகிறது.

கத்தி வேலை இனி எனக்கு இல்லை. பெட்டிகளைத் திறந்து, புதுக் களிம்பு பூத்திருக்கிறதா என்று பார்க்கிறேன். அட்டை எழுதுகிறேன். எழுத்துப் பெரிசு, ஒரு நாணயத்துக்கு இரண்டு அட்டை செலவாகிறது.

பானை நாணயங்களைக் காட்சிக்கு வைத்துவிட்டார்கள். சார் ஓய்வு பெறும் முன்பு கடைசியாக எழுதிய குறிப்பு, அறுபத்து மூன்றுக்கு:

'பயமின்மையின் தேவி. கைக்குக் கீழே உள்ள கோடு பழையது அல்ல. சுத்தம் செய்தவரின் கத்தி நழுவியதால் ஏற்பட்டது. அவரே தெரிவித்தார்.'

கடைசி இரண்டு சொல்லை நான் கேட்கவில்லை. அவராகப் போட்டது.

பயம் போகவில்லை. காலையில் பித்தான் மாட்டும்போது வருகிறது. சோறு முழுங்கும்போது வருகிறது.

இன்று இவர் என்னைக் கூட்டிப்போக வந்தார். பெட்டிக்கு முன்னால் இரண்டு பேரும் நின்றோம். "இவளுக்கா பயமில்ல?" என்றார். "தூண விட்டா விழுந்துடுவா போல இருக்கே."

இருபத்திரண்டு வருஷத்தில் இந்தத் தேவியை நாற்பது நாணயத்திலாவது பார்த்திருப்பேன். தூணை இப்படிப் பார்த்ததில்லை.

தரை வழவழ என்று இருந்தது. இவர் தோளைக் கொடுத்தார். பிடித்துக்கொண்டு படி இறங்கினேன்.

இந்தப் பக்கமும் முடிந்துவிட்டது.